கண்ணோரத்தில் ஒரு மானிட்டர்

1

உண்மையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். போன சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். புதிதாக வாங்கிய கேமிங் மானிட்டரில் ஏதோ கோளாறு, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தோம். வந்தவர் மானிட்டரைப் போடச் சொன்னார். போட்டோம். அவர் அதைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். வேலைக்கு வந்த ஆள் உட்கார்ந்து தேதி பார்க்கிறாரே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மூன்று நிமிடத்தில் பிறந்தது இந்தக் கதை.

கதை இதுதான். ஒருவருக்கு ஒரு கண்தான் நல்ல கண். அந்த நல்ல கண்ணின் ஓரத்தில் ஒரு மினுக்கல் தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் புது மானிட்டரின் கோளாறா அது, இல்லை கண்ணின் கோளாறா? மானிட்டரின் கோளாறு என்றால் ஒரு செட்டிங்கை மாற்றினால் போயிற்று. கண்ணின் கோளாறு என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஓடாவிட்டால் அந்தக் கண்ணும் போகலாம். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மர்மம் வைத்து உங்களை இழுத்தடிக்கப் போவதில்லை.

(பொய். இழுத்தடிக்கத்தான் போகிறேன். உங்களை இல்லை, என்னை.)

இப்போது மணி காலை பதினொன்று. புதன்கிழமை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அந்த வங்கி அதிகாரியின் வலது கண்ணோரத்தில், அந்தி மயங்கும் வேளையில், ஓர் ஒளிக்கீற்று மெல்லத் துடித்து—"

வேண்டாம். எனக்கு எந்த வங்கி அதிகாரியையும் தெரியாது. தெரிந்த ஒரே அதிகாரி என்னைப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனவர். அவர் கண்ணில் என்ன துடித்தால் எனக்கென்ன? தவிர, "ஒளிக்கீற்று மெல்லத் துடித்தது" என்று எழுதுகிற ஆளுக்கு உண்மையாகவே எதுவும் துடித்திருக்காது. துடித்தவன் இப்படி அழகாக எழுத மாட்டான்.

இரண்டாவது தொடக்கம்:

"பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோல் துகள்கள் அறையெங்கும் பறந்தன. அந்த இல்லத்தரசி அவற்றைப் பெருக்கிக்கொண்டே கணவனை—"

இதுவும் வேண்டாம். மானிட்டரை வாங்கியது அவள். விளையாடுவது அவள். துகள்களைப் பெருக்கியது கணவன். அந்தக் கணவனை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது நான்தான். ஐம்பத்திரண்டு வயது. ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். மற்றவர்கள் எழுதிய புத்தகங்களில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடுவது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் நானும் கதை எழுதி, என் பிழைகளை நானே கண்டுகொள்ளாமல் விடுவேன்.

ஒற்றைக் கண்காரரும் நான்தான். வங்கி அதிகாரி என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

3

என் மனைவி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். முற்றத்தில் அடுக்கியிருக்கும் கன்டெய்னர் பெட்டிகளை எடுத்து லாரியில் வைக்கிற கிரேன். எட்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடி அறை, காலுக்கடியிலும் கண்ணாடி. அங்கே உட்கார்ந்து, கீழே தொங்குகிற இருபது டன் பெட்டியை ஒரு விரல் தள்ளிவைக்க வேண்டுமென்றால் ஒரு விரல் மட்டுமே தள்ளிவைப்பாள். நாங்கள் பள்ளியில் ஒரே வகுப்பு. அதனால் இன்றுவரை ஒருவருக்கொருவர் நீ, வா, போ தான். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அவள் விளையாடுவது ஒரு ஹெலிகாப்டர் விளையாட்டு. மலையில் மாட்டிக்கொண்டவர்களைக் கயிறு இறக்கித் தூக்க வேண்டும். வேலையிலும் கயிறு, வீட்டிலும் கயிறா என்று கேட்டால், "இதுல காத்து அடிக்கும். அங்க அடிச்சா வேலைய நிறுத்திடுவாங்க. இங்க அடிச்சாலும் தூக்கணும்," என்பாள். விஷயம் வெறும் விளையாட்டு இல்லை. நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, அவளுக்குக் கப்பல் கிரேன் பரீட்சை. தண்ணீர் ஓரத்தில் நிற்கிற பெரிய கிரேன் அது. ஆடிக்கொண்டிருக்கும் கப்பலிலிருந்து பெட்டியை எடுக்க வேண்டும். பரீட்சையை ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்துத்தான் நடத்துவார்கள். அதற்காகக் கையையும் கண்ணையும் பழக்கிக்கொள்ள வாங்கியது இந்த மானிட்டர். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.*

* தவறு. ஒரு சிவப்பு ஹெல்மெட்டும் வாங்கியிருக்கிறாள். கதைக்கு "முதல் பொருள்" என்றால் எடுப்பாக இருக்கிறது என்று போட்டேன். மன்னிக்கவும்.

மானிட்டரை மேசைமேல் நிறுத்தி ஒயர்களைச் செருகியது நான். பெருமையாகச் செருகினேன். பட்டனை அமுக்கினால் "சிக்னல் இல்லை" என்று ஒரு வரி வந்து போயிற்று. அப்புறம் கறுப்பு. அரை மணி நேரம் அமுக்கினேன், பிடுங்கினேன், ஊதினேன், திரும்பச் செருகினேன். அவள் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எந்த ஓட்டையில சொருகியிருக்க?"

"இருக்கற ஓட்டையில."

"ரெண்டு ஓட்டை இருக்கு. மேல இருக்கறது சும்மா. கீழ இருக்கறதுதான் கிராபிக்ஸ் கார்டு. அதுக்குத்தானே அவ்வளவு செலவு பண்ணேன்? ஊருக்கெல்லாம் தப்பு கண்டுபிடிக்கறியே, இது கண்ணுக்குத் தெரியலையா?"

கீழே செருகினேன். படம் வந்தது. நான் அசடு வழிந்தேன்.

அவள் ஐந்து நிமிடம் விளையாடிவிட்டு நிறுத்தினாள். "இது புதுசு மாதிரி இல்லையே."

"பெருசா இருக்கே."

"பெருசா இருக்கு. ஆனா பழசாட்டமே நகருது. கயிறு ஆடும்போது ஒரு வழவழப்பு இருக்கும்ல, அது இல்ல."

எனக்கு அப்படி ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் அவள் விடவில்லை. செட்டிங்ஸைத் திறந்தாள். நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு படம் காட்டத் தெரிந்த மானிட்டர், அறுபதே அறுபது காட்டிக்கொண்டிருந்தது. மேலே ஏற்றலாம் என்றால் பட்டியலில் அறுபதைத் தாண்டி எதுவுமே இல்லை. ஏன்? ஒயர். பெட்டியோடு வந்த புது ஒயரைப் பத்திரமாக டப்பாவிலேயே வைத்துவிட்டு, "இருக்கறதே போதும், எதுக்கு வீணாக்கணும்" என்று பத்து வருடப் பழைய ஒயரைப் போட்டிருந்தேன். புது ஒயரை எதற்காகவோ சேமித்து வைக்கிற புத்தி. 

ஒயரை மாற்றினோம். பட்டியலில் 144 வந்து உட்கார்ந்தது.

4

இந்தப் பகுதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன். அழித்ததில் ஒன்று: "அது ஓர் அற்புத—"

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவள் 144 என்பதைத் தேர்ந்தெடுத்தாள். திரை ஒருமுறை இருண்டு திரும்ப வந்தது. நான் திருத்திக்கொண்டிருந்த புத்தகத்தின் ஒரு பக்கம் திரையில் திறந்திருந்தது. அவள் அதை மவுசால் பிடித்து வட்டமாகச் சுற்றினாள். பழைய மானிட்டரில் இப்படிச் சுற்றினால் எழுத்தெல்லாம் கலங்கிக் கறையாகிவிடும். இதில் எழுத்து எழுத்தாகவே சுற்றியது. நான் அதைப் படித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தை, நின்ற இடத்திலிருந்து, வரி வரியாகப் படித்தேன்.

"நிறுத்து," என்றேன்.

"என்ன?"

"மூணாவது வரியில ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கு."

அவள் நிறுத்திப் பார்த்தாள். விட்டுத்தான் போயிருந்தது. முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். சுற்றுகிற பக்கத்தில் பிழை பிடித்தது அதுதான் முதல் தடவை. அவள் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாகச் சுற்றினாள். நான் இன்னும் படித்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சின்னப் பிள்ளைகளாக அதையே செய்துகொண்டிருந்தோம்.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒருமுறை கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் அந்தத் திரை முப்பது, நாற்பது படங்களை வரைந்து, அழித்து, வரைந்துவிடுகிறது. நீங்கள் பார்க்காத நேரத்திலும் வரைகிறது. ஒன்றைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. நான் ஒரு தொடக்கத்தை எழுத முடியாமல் இரண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். எனக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது. உண்மையிலேயே மரியாதை.

5

இனி மினுக்கல்.

என் எழுத்து மேசை அவள் மேசைக்குச் செங்குத்தாகக் கிடக்கிறது. நான் மடிக்கணினியைப் பார்த்து உட்கார்ந்தால், அவள் மானிட்டர் என் வலது கண்ணின் கடைசி ஓரத்தில் இருக்கும். முன்பு பழைய மானிட்டர் அங்கே இருந்தது. ஒன்றும் தெரிந்ததில்லை. புதியது வந்த மூன்றாம் நாள் மாலை, அவள் மலைமேல் பறந்துகொண்டிருந்தாள், நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தது.

திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மலை, பனி, ஹெலிகாப்டர். என் பக்கத்துக்குத் திரும்பினேன். அடித்தது.

"மானிட்டர் மினுக்குதா?"

"இல்லையே."

"எனக்குத் தெரியுதே."

"இங்க வந்து பாரு." அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மினுக்கவில்லை. திரும்பி என் இடத்துக்குப் போனேன். மினுக்கியது.

அவள் சொன்னாள்: "அப்ப அது உன் கண்ணுல—"

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பாதியில் நிற்கிற வாக்கியங்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

இரண்டு வருடம் முன்பு என் இடது கண்ணில் விழித்திரை கிழிந்து பிரிந்துவிட்டது. அதற்கு முன் ஒரு வாரம் ஓரத்தில் பளிச் பளிச்சென்று தெரிந்தது. வேலை அதிகம், தூக்கம் போதவில்லை என்று சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் ஒரு கறுப்புத் திரைச்சீலை கீழிருந்து மேலே ஏறியது. அறுவை செய்தார்கள். பிறகு இரண்டு வாரம் குப்புறவே படுத்திருக்கச் சொன்னார்கள். கண்ணுக்குள் வைத்த வாயுக்குமிழி விழித்திரையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டுமாம். இரண்டு வாரமும் எனக்குத் தெரிந்தது தரையில் ஒரு ஓடு, அவள் பாதம், அவள் கீழே குனிந்து நீட்டும் ஸ்பூன். இவ்வளவு செய்தும் அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம், நிழல் மட்டும்தான். அந்த இரண்டு வாரத்தின் நடுவில்தான் அவளுடைய முந்தைய கப்பல் கிரேன் பரீட்சை வந்து போனது. அவள் போகவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

அந்தச் சமயத்தில் கண் டாக்டர் அம்மா எனக்கு என் நல்ல கண்ணின் படத்தைக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். அதில் சிவப்பாகக் கிளை பிரிந்து ஓடும் ரத்தக் குழாய்கள். என் உடம்புக்குள் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று ஐம்பது வருடம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"இது வலிக்கவே வலிக்காதுங்க," என்றார். "வலி தெரியற நரம்பே இங்க கிடையாது. அதப் புடிச்சு இழுத்தா என்ன ஆகும் தெரியுமா? அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், வெளிச்சம். கிழியப் போறப்பக்கூட வெளிச்சம்னுதான் சொல்லும். அதனால ஓரத்துல பளிச்சுன்னா அன்னைக்கே வந்துடணும். நாளைக்குன்னு வைக்கக் கூடாது."

இதைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பயம் பிறகு வந்தது. முதலில் வந்தது வேறு. கிழிந்துபோகும்போதும் தன் வேலையை விடாமல், தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொல்கிற ஒரு சவ்வு, வெங்காயச் சருகைவிட மெல்லியது, என் தலைக்குள் இருக்கிறது. நான் அதன் தயவில் முப்பது வருடமாகப் பிழை திருத்திச் சாப்பிடுகிறேன். நாற்காலியிலிருந்து எழுந்து யாரையாவது கும்பிட வேண்டும்போல இருந்தது.

(டாக்டர் இவ்வளவு அழகாகவா பேசினார் என்று கேட்காதீர்கள். ஏறக்குறைய இப்படித்தான் பேசினார். நான் ஒரு வாக்கியத்தை மட்டும் இஸ்திரி போட்டேன்.)

6

ஆக, சனிக்கிழமை. மறுபடி அந்த மனிதர்.

அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் திரைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கடைகளுக்கும் வீடுகளுக்கும் போய்த் திரைகளைச் சரிபார்ப்பது அவர் தொழில். முந்தின நாள்தான் டாக்டரிடம் போய்வந்திருந்தோம். என் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, "இன்னைக்குக் கண்ணுல கிழிசல் எதுவும் இல்ல. ஆனா கவனமா இருங்க," என்றார். அப்படியானால் எங்கிருந்து அந்த வெளிச்சம்? அதற்குத்தான் திரைக்காரரைக் கூப்பிட்டோம்.

மூன்று நிமிடம் காலண்டரைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மினுக்குது."

"நீங்க பாக்கவே இல்லையே," என்றாள் இவள்.

"பாக்காதனாலதான் தெரியுது அக்கா. நேரா பாத்தா நம்ம கண்ணு கொஞ்சம் மெதுவு. ஓரத்துல பாக்கறது ரொம்பச் சுறுசுறுப்பு. மினுக்கல் கம்ப்ளெயின்ட்னு போனா நான் திரையப் பாக்கவே மாட்டேன். எல்லாரும் மானிட்டர் முன்னாடி உக்காந்து பாத்துட்டு 'நல்லா இருக்கே'ன்னு சொல்லிடுவாங்க. யாருக்குத் தெரியுதோ அவங்க எடத்துல உக்காரணும்."

மூன்று நாளாக நாங்கள் செய்த தவறு அதுதான். எனக்கு மினுக்குகிறது என்றவுடன், சரியாகப் பார்ப்போம் என்று, இரண்டு பேரும் மினுக்கல் தெரியாத ஒரே இடத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் தன் போனை எடுத்தார். வேகத்தைக் குறைத்துப் படம் பிடித்து எங்களிடம் காட்டினார். திரையில் மலை இருண்டது, வெளுத்தது, இருண்டது. காரணமும் சொன்னார். கணினி ஒவ்வொரு படமாக வரைந்து அனுப்புகிறது. சில படம் சீக்கிரம் முடியும், சிலது தாமதமாகும். முடிகிற வரை மானிட்டர் காத்திருக்கும்படி ஒரு செட்டிங். காத்திருக்கும் நேரம் கூடிக் குறையும்போது வெளிச்சமும் கூடிக் குறைகிறது. இருட்டுக் காட்சிகளில் அதிகம் தெரியும்.

"இன்னும் மெதுவாக் காட்டறேன் பாருங்க," என்றார். காட்டினார். ஒரு படம் போய் அடுத்த படம் வருவது தெரிந்தது. மேலிருந்து கீழே, வரி வரியாக, புதியது பழையதை மூடிக்கொண்டு இறங்கியது. நான் பக்கத்தைத் திருத்துவதுபோல அது வரி வரியாக வந்தது. தினமும் இதே வேலையாக இருக்கும் திரைக்காரரே போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவ பாத்தாலும்..." என்றார்.

அந்தச் செட்டிங்கை அணைத்தார். என் இடத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ஓரம் அமைதியாக இருந்தது. என் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

திரைக்காரர் கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "இனிமே சந்தேகம் வந்தா பிளக்கப் புடுங்கிட்டுப் பாருங்க சார். அப்பவும் தெரிஞ்சா அது என் வேலை இல்ல."

7

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல முடிவு. சனிக்கிழமை இரவே எழுத நினைத்தது இதைத்தான்: மகிழ்ச்சியான, வியப்பான ஒரு சின்னக் கதை. அன்றைக்கே எழுதியிருந்தால் உங்களுக்கு அது கிடைத்திருக்கும். சோம்பேறித்தனம். ஞாயிறு ஒன்றுமில்லை. திங்கள் ஒன்றுமில்லை. செவ்வாய், அவள் இரண்டு மணி நேரம் புயலில் பறந்தாள், நான் இருபது பக்கம் திருத்தினேன். ஒன்றுமில்லை.

இன்று காலை பத்தேகால் மணிக்கு, அவள் வேலைக்குப் போய் நாலு மணி நேரம் ஆன பிறகு, வலது ஓரத்தில் பளிச்சென்றது.

திரும்பிப் பார்த்தேன். மானிட்டர் அணைந்திருந்தது. கறுப்பு. அதில் என் முகம் தெரிந்தது.

அணைத்தாலும் கொஞ்சம் கரண்ட் ஓடுமே என்று நினைத்தேன். அந்தச் சின்னச் சிவப்பு விளக்காக இருக்கும் என்று நினைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். ஒயரைச் சுருட்டித் தரையில் வைத்தேன். ஜன்னலை மூடினேன். உட்கார்ந்தேன்.

பளிச்.

பதினொரு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து, "உண்மையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்" என்று எழுதினேன். கதை பிறந்தது சனிக்கிழமை, காலண்டர் முன்னால், என்று முதல் பகுதியில் சொன்னது முழு உண்மை இல்லை. பிறந்தது இன்று பத்தேகாலுக்கு.

இப்போது மணி இரண்டு நாற்பது. நீங்கள் திட்டுவது கேட்கிறது. அவளுக்குப் போன் செய்யக் கூடாதா? கிரேன் அறையில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். அலுவலகத்துக்குச் செய்யலாமே? செய்யலாம். டாக்ஸி இல்லையா? இருக்கிறது, தெருமுனையிலேயே. மருத்துவமனை ஆறு மணி வரை. எல்லாம் எனக்குத் தெரியும். நாளை மறுநாள் பரீட்சை. இன்றைக்குப் போனால், கிழிசல் இருந்தால், நான் மறுபடி குப்புறப் படுத்திருப்பேன், அவள் மறுபடி குனிந்து ஸ்பூனை நீட்டிக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை காலை அந்தத் திரைக்கு முன்னால் அவள் நாற்காலி மறுபடி காலியாக இருக்கும். இரண்டே நாள். இந்த இரண்டு நாளைக் கடத்திவிட்டால்—

இது தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். தியாகம் என்று எழுதிப் பார்த்தேன், கதை உடனே நாறியது. இதில் பாதி பயம். டாக்டர் விளக்கை அடித்து, பார்த்து, ஒரு நொடி பேசாமல் இருப்பார் இல்லையா, அந்த ஒரு நொடியைப் பற்றிய பயம்.

8

சில முடிவுகளை எழுதி வைக்கிறேன்.

முடிவு ஒன்று. பளிச்சென்றது கண்ணே இல்லை. எதிர்க் கட்டடத்தில் யாரோ கண்ணாடிக் கதவைத் திறந்து மூடியிருக்கிறார்கள். (ஜன்னலை மூடிவிட்டேன் என்று ஏழாம் பகுதியில் எழுதித் தொலைத்துவிட்டேன். எழுத்தாளனுக்கு இதுதான் தண்டனை.)

முடிவு இரண்டு. டாக்டர் பார்த்துவிட்டு, "வயசானா கண்ணுக்குள்ள இருக்கற கூழ் சுருங்கும், அது இழுக்கும், பளிச்சுன்னும். கிழிசல் இல்ல," என்கிறார். இது நிஜமாகவே நிறையப் பேருக்கு நடக்கிறது. அவரே போன தடவை சொன்னார்.

முடிவு மூன்று. எழுத மாட்டேன். முதல் வரியை மட்டும் எழுதிப் பார்த்தேன்: "கீழிருந்து ஒரு கறுப்பு—"

மானிட்டரிடம் ஒன்று கற்றுக்கொண்டேன் என்று பெருமையாக ஒரு பத்தி எழுதலாம் என்றிருந்தேன். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அது பாதியில் நிறுத்தாது. எந்தப் படத்துக்கும் பயப்படாது. நான் காலையிலிருந்து நிறுத்தி நிறுத்தி—

பளிச்.

இதை எழுதும்போதே. இந்த வரியில். எண்ணினேன், இன்று இது ஏழாவது.

என்ன ஓர் அழகான வெளிச்சம் தெரியுமா? அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். வில் வடிவில், வெள்ளையாக, தூரத்து மின்னலைப்போல, சத்தமே இல்லாமல். உலகத்தில் வேறு எவருக்கும் தெரியாமல் எனக்கு மட்டும். பயத்தின் நடுவில் என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

9

மூன்று ஐம்பது. கதவு திறக்கிறது. அவள்தான். ஹெல்மெட்டை வைக்கிறாள். கை கழுவுகிறாள். நான் எழுதுவதை என் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பது அவள் வழக்கம். முப்பது வருடமாக என் முதல் வாசகி அவள்தான். மூடிவிடலாம். மூட இரண்டு விரல் போதும்.

மூடவில்லை.

வந்து நிற்கிறாள். "என்ன, புதுக் கதையா?" என்கிறாள். "மேல போ, மொதல்லேர்ந்து படிக்கிறேன்." மேலே போகிறேன். படிக்கிறாள். வங்கி அதிகாரிக்குச் சிரித்தாள். ஓட்டைக்குச் சிரித்தாள். என் தோளில் ஒரு கையை வைத்திருக்கிறாள். ஐந்தாம் பகுதியில் அந்தக் கை அசையவில்லை. ஏழாம் பகுதியில், இப்போது, பிளக்கை நான் பிடுங்குகிற இடத்தில்

நகரு.

எட்டு மாடி இல்ல, ஆறுதான். தப்பா எழுதாத. குழாயத் தொறந்துட்டு நான் அழுதேன்னு நெனச்சியா, ஆமா அழுதேன், அதுக்கென்ன இப்ப. பரீட்ச மறுபடி வரும். போன தடவ போகலைன்னு நான் ஒரு வார்த்தை பேசலைன்னு எழுதியிருக்க. எனக்கு அதுல பேச ஒண்ணுமே இல்ல, அதான் பேசல. மூணாவது முடிவ எழுதாம விட்டியே, அது ஒண்ணுதான் இதுல நீ உருப்படியா செஞ்சது. அஞ்சரை மணி நேரம்!! உன்ன என்ன பண்றதுன்னே தெரியல. கீழ போய் வண்டிய எடுக்கறேன். செருப்பப் போட்டுட்டு வா. இதுக்கு மேல ஒரு எழுத்து அடிச்ச, தொலைச்சுடுவேன்.

அடிக்கிறேன். ஒரு நிமிடம்தான்.

மேலே அவள் அடித்ததில் ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை. என் தொழிலில் இதுவே முதல் முறை. முடிவு என்னிடம் இல்லை. ஒன்றையும் இரண்டையும் உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன், எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றை மட்டும் எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கீழே ஹாரன் அடிக்கிறாள்.